எலும்புச் சீழும் மருந்து மணிகளும்: ஆர்த்தோ யூனிட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஆர்த்தோ யூனிட்டில் சேர்ந்த முதல் சில வாரங்களிலேயே இப்படி ஒருவர் ஓ.பி.க்கு வந்துவிடுவார். சில வருடங்களுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்தவர். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது, கம்பி வைத்தார்கள், எலும்பும் கூடிவிட்டது. ஆனால் முன்னங்காலில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் மூடவே இல்லை. அதில் சீழ் கசியும். மாத்திரை போட்டால் நின்றுவிடும். நிறுத்தி ஒரு மாதம் போனால் மறுபடி கட்டுத்துணி நனையும். "நல்ல ஆண்டிபயாட்டிக்கா எழுதிக் குடுங்க டாக்டர்" என்பார். அவர் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையைத் திறந்து பாருங்கள். நல்ல ஆண்டிபயாட்டிக் எல்லாம் ஏற்கெனவே அதில் இருக்கும்.

இவர் மாதிரி ஆட்களுக்குத் தியேட்டரில் எலும்புக்குள்ளேயே வைக்கும் மருந்து மணிகளை, அதாவது ஆண்டிபயாட்டிக் கலந்து உருட்டிய சின்ன உருண்டைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஹவுஸ் சர்ஜன், முதலாண்டு பி.ஜி., ஆர்த்தோ தியேட்டருக்கு மாற்றலாகி வந்த ஸ்டாஃப் நர்ஸ் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். நடுவில் வரும் அளவுகள் விஷயம் புரிவதற்காகச் சொல்லப்படுபவை. ஒரு குறிப்பிட்ட நோயாளிக்கு எவ்வளவு என்பதை உங்கள் யூனிட் சீஃபும் நுண்ணுயிரியல் துறையும்தான் முடிவு செய்வார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிற எல்லோரும் மணியைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். நோயை அகற்றுவது கத்தி. கத்தி போன பிறகு மிஞ்சும் குழியைக் காவல் காப்பதுதான் மணியின் வேலை. சரியாகச் சுரண்டாத எலும்புக்குள் உலகத்திலேயே விலை உயர்ந்த மணியை வைத்தாலும் ஆறு மாதத்தில் அதே ஓட்டை, அதே சீழ்.

மாத்திரை ஏன் போய்ச் சேருவதில்லை

மருந்து ரத்தத்தில்தான் பயணம் செய்கிறது. சீழ் பிடித்த எலும்பில் ஒரு பகுதி ரத்த ஓட்டம் அறுந்து செத்துப்போயிருக்கும். அந்தச் செத்த துண்டுக்குச் சீக்வெஸ்ட்ரம் என்று பெயர். எக்ஸ்ரேயில் சுற்றியுள்ள எலும்பைவிட வெள்ளையாகத் தெரியும். ரத்தமே போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்?

இதோடு பிரச்சினை முடியவில்லை. செத்த எலும்பின் மேலும், உள்ளே இருக்கும் கம்பி, ஸ்க்ரூ மேலும் பாக்டீரியாக்கள் வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் அடங்கிவிடும். இதுதான் பயோஃபிலிம். உள்ளே இருப்பவை மெதுவாக வளரும், பல தூங்கியே கிடக்கும். வளராத கிருமியைப் பெரும்பாலான ஆண்டிபயாட்டிக்கால் அவ்வளவாக ஒன்றும் செய்ய முடியாது. சோதனைக்கூடத்தில் தனியாக மிதக்கும் கிருமியைக் கொல்லத் தேவைப்படும் அளவைப்போல 10 முதல் 1000 மடங்கு வரை மருந்து இருந்தால்தான் படலத்துக்குள் இருப்பது சாகும். ரத்தத்தில் அந்த அளவைக் கொண்டுவர முயன்றால் கிருமிக்கு முன்னால் நோயாளியின் கிட்னியும் காதும் போய்விடும்.

அதனால்தான் மருந்தை அந்த இடத்திலேயே வைக்கிறோம். குழிக்குள் மருந்தின் அளவு மிக அதிகம், ரத்தத்தில் மிகக் குறைவு. ஹாம்பர்க்கில் புக்ஹோல்ட்ஸும் எங்கெல்பிரெக்ட்டும் 1970-ல் மூட்டு மாற்றுக்குப் பயன்படும் எலும்புச் சிமென்ட்டில் ஜென்டாமைசின் என்ற ஆண்டிபயாட்டிக்கைக் கலந்து, அது மெல்ல வெளியே கசிகிறது என்று காட்டினார்கள். அதே பத்தாண்டில் ஃபிராங்க்ஃபர்ட்டில் கிளெம் அந்தச் சிமென்ட்டைச் சின்ன மணிகளாக உருட்டிக் கம்பியில் கோத்து, சீழ் எடுத்த எலும்புக் குழிகளுக்குள் வைத்தார். அப்புறம் இது செப்டோபால் என்ற பெயரில் கடைக்கே வந்தது: 7 மில்லிமீட்டர் மணி, ஒவ்வொன்றிலும் 4.5 மில்லிகிராம் ஜென்டாமைசின். நம் ஊர் தியேட்டர்களில் பெரும்பாலும் நாமே கையால் உருட்டுகிறோம்.

முதல் படி: எந்தக் கிருமி என்று தெரிந்துகொள்ளுங்கள்

மணிக்குள் என்ன மருந்து போடுவது என்பது கல்ச்சரை, அதாவது கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையைப் பொறுத்தது. எனவே அறுவைக்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது.

ஓட்டை வாயில் பஞ்சுக்குச்சியை வைத்து எடுக்கும் ஸ்வாப்பை நம்பாதீர்கள். தோலில் குடியிருக்கும் கிருமிகளெல்லாம் அதில் வளரும். உள்ளே எலும்பில் இருப்பது வேறாக இருக்கலாம். நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை, உடல் நிலையாக இருக்கிறது என்றால் அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே எல்லா ஆண்டிபயாட்டிக்கையும் நிறுத்திவிடுவோம். இதை வார்டில் சொன்னால் மட்டும் போதாது. வீட்டில் யாராவது ஒருவர் மெடிக்கலில் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பார். அட்டெண்டரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

தியேட்டரில் குறைந்தது ஐந்து இடங்களிலிருந்து எலும்பும் ஆழமான திசுவும் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கத்தி, தனித்தனி ஃபோர்செப்ஸ், தனித்தனி பாட்டில். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாட்டில்களில் ஒரே கிருமி வந்தால் அதை நம்பலாம். ஒன்றில் மட்டும் வந்தால் யோசிக்க வேண்டும். மாதிரிகள் வெளியே போன பிறகுதான் மயக்க மருத்துவர் ஆண்டிபயாட்டிக் ஊசியைப் போட வேண்டும். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவைப்பது உங்கள் வேலை.

ஒரு துண்டு கட்டாயம் பயாப்ஸிக்கும் போக வேண்டும். இரண்டு காரணம். பல வருடங்களாகச் சீழ் வடியும் புரையின் ஓரத்தில் தோல் புற்றுநோய் வரக்கூடும், மார்ஜோலின் புண் என்பார்கள். இரண்டாவது, டி.பி. இந்தியாவில் எலும்புச் சீழ் என்றாலே டி.பி.யை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. டி.பி.க்கு முதன்மைச் சிகிச்சை வாய்வழி கூட்டு மருந்துதான், வான்கோ (வான்கோமைசின் என்ற ஆண்டிபயாட்டிக்) மணி அதற்கு எதுவும் செய்யாது. டி.பி. கிருமியைக் கண்டுபிடிக்கும் ஜீன்எக்ஸ்பெர்ட் பரிசோதனைக்கும் ஒரு பாட்டில் அனுப்பிவிடுங்கள்.

தமிழ்நாடு, புதுச்சேரி பக்கம் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு பெயர் ஞாபகம் இருக்க வேண்டும்: மெலியாய்டோசிஸ். மண்ணிலும் வயல் தண்ணீரிலும் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமியால் வருவது. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், வயல் வேலை, மழைக்காலம் என மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்படுங்கள். மூட்டையும் எலும்பையும் தாக்கும். லேபில் சாதாரண சூடோமோனாஸ் என்றோ, தற்செயலாகக் கலந்த கிருமி என்றோ எழுதிவிடுவதும் உண்டு, அதனால் சந்தேகத்தைப் படிவத்திலேயே எழுதி அனுப்புங்கள். நம் விஷயத்துக்கு முக்கியமானது என்னவென்றால், இந்தக் கிருமி பொதுவாக ஜென்டாமைசினுக்கு மசியாது. நாம் வழக்கமாக உருட்டும் மணி அங்கே வெறும் பிளாஸ்டிக் உருண்டை.

இரண்டாம் படி: சுரண்டுவது

இதைக் கட்டுரை படித்துக் கற்க முடியாது, சீஃப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்க வேண்டும். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். செத்த எலும்பு மஞ்சள் கலந்த வெள்ளையாக, ரத்தமில்லாமல் இருக்கும். உளியாலோ பர்ராலோ (சுழன்று தேய்க்கும் கருவி) அதை நீக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எலும்பின் மேல் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் துளிர்க்கும். மிளகாய்த்தூள் தூவினாற்போல இருப்பதால் இதற்குப் பாப்ரிகா சைன் என்று பெயர். அங்கே நிறுத்தலாம். ரத்த ஓட்டத்தை நிறுத்தும் டூர்னிகே பட்டை கட்டியிருந்தால் இந்தப் புள்ளிகள் தெரியாது. கடைசியில் தளர்த்திவிட்டுப் பார்க்க வேண்டும்.

கம்பியோ பிளேட்டோ உள்ளே இருந்து, எலும்பு கூடியிருந்தால் அது வெளியே வந்துவிடும். கூடாமலிருந்தால் எலும்பை வேறு வழியில் அசையாமல் நிறுத்த வேண்டும், பல சமயம் வெளியே இலிசரோவ் வளையம். ஆடிக்கொண்டிருக்கும் எலும்பில் சீழ் அடங்காது.

கேஸ் ஷீட்டில் சியெர்னி–மேடர் வகையை எழுதச் சொல்வார்கள். எலும்பில் நோய் எங்கே இருக்கிறது என்பதற்கு நான்கு வகை: மஜ்ஜைக்குள், மேல்பரப்பில், ஒரு பகுதியில், எலும்பு முழுக்க. நோயாளியின் உடல்நிலைக்கு ஏ, பி, சி என்று மூன்று. புதியவர்கள் முதல் பாதியை அழகாக எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் இரண்டாவதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. சர்க்கரை, பீடி சிகரெட், சத்துக்குறைவு, காலில் ரத்த ஓட்டம் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் மணியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

சுரண்டிக் கழுவி முடிந்ததும் கையுறை, டிரேப், கருவிகள் எல்லாம் மாற வேண்டும். அழுக்கு ட்ரேயில் கிடந்த ஃபோர்செப்ஸால் மணியை எடுத்து வைத்தால் இதுவரை செய்ததெல்லாம் வீண்.

இப்போது கையில் இருப்பது ஒரு வெற்றுக் குழி. இதை டெட் ஸ்பேஸ் என்பார்கள். அப்படியே தோலை மூடினால் ரத்தம் கட்டி நிற்கும், அது கிருமிக்கு விருந்து. எதையாவது வைத்து நிரப்பியாக வேண்டும்.

மூன்றாம் படி: எதை வைப்பது

கேட்க வேண்டிய முதல் கேள்வி: வைக்கிற பொருளைத் திரும்ப எடுக்க இன்னொரு அறுவை இருக்கிறதா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது.

திரும்ப எடுக்கப்போகிறோம் என்றால் எலும்புச் சிமென்ட், அதாவது பி.எம்.எம்.ஏ. மலிவு, எங்கும் கிடைக்கும், ஐம்பது வருட அனுபவம் இருக்கிறது. உறுதியானது, எனவே மணி, கட்டி, கம்பி என எந்த வடிவிலும் செய்யலாம். குறை என்னவென்றால், கலந்த மருந்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளியே வராது, மீதி பிளாஸ்டிக்குக்குள் சிறைப்பட்டுவிடும். முதல் இரண்டு மூன்று நாள் வெள்ளமாக வந்து, அப்புறம் வாரக்கணக்கில் துளித்துளியாகக் கசியும். துளிகூட வராத காலம் வந்த பிறகு மணி அன்னியப் பொருளாகிவிடுகிறது. அதன் மேலேயே பயோஃபிலிம் படியலாம். மேலும் போதாத அளவு மருந்து நீண்ட நாள் கசிந்தால் கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும்.

திரும்ப எடுக்க வேண்டாம் என்றால் கரையும் பொருள். இதில் அதிகம் புழங்குவது கால்சியம் சல்பேட். மாவுக்கட்டு போடும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸின் மருத்துவத் தூய்மை கொண்ட வடிவம்தான் இது. எலும்புக் குழியை இதனால் நிரப்புவது புது யோசனை அல்ல. ஜெர்மனியில் டிரீஸ்மன் என்பவர் 1892-லேயே கார்பாலிக் அமிலம் கலந்த பிளாஸ்டரை வைத்துப் பார்த்திருக்கிறார். இன்றைக்கு ஸ்டிமுலான் போன்ற கிட்டுகளில் தூள், கரைசல், சிலிக்கான் அச்சு எல்லாம் வரும். சில வாரங்களில் தொடங்கி இரண்டு மூன்று மாதத்துக்குள் மணி முழுதாகக் கரைந்துவிடும், உள்ளே இருந்த மருந்து கிட்டத்தட்ட முழுவதும் வெளியே வந்துவிடும். ஆனால் தாங்கும் பலம் கிடையாது. எலும்பு முறிந்துவிடும் அபாயம் இருந்தால் இதை நம்பி விட முடியாது.

கால்சியம் சல்பேட் 60 பங்கும் ஹைட்ராக்சிஅபடைட் 40 பங்கும் சேர்ந்த கலவை செராமென்ட் ஜி. சல்பேட் கரைந்து மருந்தை விடுவிக்க, அபடைட் மட்டும் நின்று புதிய எலும்பு வளரச் சட்டமாகிறது. 10 மில்லியில் 175 மில்லிகிராம் ஜென்டாமைசின். ஆக்ஸ்ஃபோர்டில் மெக்னாலி குழுவினர் நாள்பட்ட எலும்புச் சீழ் உள்ள 100 பேருக்கு, ஒரே அறுவையில் சுரண்டி, இதை நிரப்பி, தோலையும் மூடினார்கள். 96 பேருக்கு நோய் திரும்பவில்லை என்று 2016-ல் வெளியிட்டார்கள். அருமையான முடிவு. ஆனால் அது எலும்புச் சீழுக்கென்றே இருக்கும் தனிப் பிரிவில், பிளாஸ்டிக் சர்ஜனும் தொற்றுநோய் மருத்துவரும் கூடவே நின்று செய்த வேலை. பொருளை மட்டும் வாங்கிவந்தால் அந்த 96 கூடவே வராது.

ஆண்டிபயாட்டிக்கே இல்லாமல் வேலை செய்வதும் ஒன்று உண்டு. பின்லாந்தின் துர்க்குவில் உருவான எஸ்53பி4 என்ற உயிரிக் கண்ணாடித் துகள்கள். ஈரம் பட்டதும் சோடியம், கால்சியம் அயனிகள் வெளியேறி அங்கே காரத்தன்மையும் உப்பும் ஏறும். அந்தச் சூழலில் கிருமியால் பெருக முடியாது. மருந்துக்கு மசியாத கிருமி என்றால் இது கவர்ச்சியான தேர்வு; விலைதான் இடிக்கும். ஜென்டாமைசின் ஊறிய கொலாஜன் ஸ்பாஞ்சு சில நாட்களிலேயே மருந்தைக் கொட்டிவிடும், குழியையும் நிரப்பாது. நாள்பட்ட எலும்புச் சீழுக்கு நான் அதை அதிகம் நாடுவதில்லை.

வான்கோமைசின் தூளை அப்படியே காயத்தில் தூவுவதைப் பார்த்திருப்பீர்கள். அது சிகிச்சைக்கு அல்ல, தடுப்புக்கு. அமெரிக்காவில் முழங்கால், கணுக்கால் மூட்டுக்குள் முறிந்த 980 பேரிடம் நடந்த ஆய்வு 2021-ல் வந்தது. 1 கிராம் தூவியவர்களுக்கு ஆழமான தொற்று 6.4 சதவீதம், தூவாதவர்களுக்கு 9.8. குறைந்ததெல்லாம் கிராம் பாசிட்டிவ் கிருமிகள்தான், கிராம் நெகட்டிவ் தொற்று குறையவில்லை. வான்கோமைசின் கிராம் பாசிட்டிவ் கிருமிகளிடம்தான் வேலை செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

விற்பனைப் பிரதிநிதி வண்ணப் புத்தகத்தோடு வருவார். அவரிடம் கேட்க மூன்று கேள்வி: எத்தனை நாளில் கரையும், எந்தெந்த மருந்தைக் கலக்கலாம், கசிவு எத்தனை பேருக்கு வருகிறது. மூன்றாவதில் கொஞ்சம் தடுமாறுவார். கரையும் கிட்டின் விலை சிமென்ட்டைப்போலப் பல மடங்கு. நோயாளி காப்பீட்டுத் திட்டத்தில் வந்திருந்தால் அது அடங்குமா என்று அறுவைக்கு முந்தைய நாளே கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: சிமென்ட் மணி உருட்டுவது

உங்கள் கைக்கு வரப்போகும் வேலை இதுதான், எனவே விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மருந்து. சிமென்ட்டுக்குள் போகும் ஆண்டிபயாட்டிக் தூளாக இருக்க வேண்டும், சூட்டைத் தாங்க வேண்டும், தண்ணீரில் கரைய வேண்டும். சிமென்ட் இறுகும்போது கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடாகும். வான்கோமைசின், ஜென்டாமைசின், டோப்ராமைசின் மூன்றும் அதைத் தாங்கும். ஆம்பூலில் வரும் ஜென்டாமைசின் திரவத்தைச் சிமென்ட்டில் ஊற்றாதீர்கள். தண்ணீர் சேர்ந்தால் சிமென்ட் சரியாக இறுகாது, பலமும் வெகுவாகக் குறையும். ரிஃபாம்பிசினைக் கலந்தால் இறுகவே இறுகாது. பாலிமர் சங்கிலி உருவாகும் வினையையே அது தடுத்துவிடும். எம்.ஆர்.எஸ்.ஏ.க்கு (பல மருந்துக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி) நல்ல மருந்தாயிற்றே என்று யாராவது ஒரு ஆர்வக்கோளாறு இதைச் செய்து பார்ப்பார், கிண்ணத்தில் பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும்.

டோப்ராமைசின் தூள் நம் பக்கம் எளிதில் கிடைப்பதில்லை. எனவே வழக்கமான வழி, ஜென்டாமைசின் கலந்தே வரும் சிமென்ட்டை வாங்கி, அதில் வான்கோமைசின் தூளைச் சேர்ப்பது. பாக்கெட்டிலேயே கலந்து வரும் ஜென்டாமைசின் 40 கிராமுக்கு அரை கிராமோ ஒரு கிராமோதான். மூட்டு மாற்றில் தடுப்புக்கு அது போதும், சீழுக்குப் போதாது. சிகிச்சைக்கென்றால் 40 கிராம் சிமென்ட்டுக்கு மொத்தமாக 3.6 கிராமுக்கு மேல் ஆண்டிபயாட்டிக் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வான்கோமைசின் 2 முதல் 4 கிராம் வரை சேர்ப்பார்கள். சிமென்ட் பலம் குறையும், ஆனால் மணிக்குப் பலம் தேவையில்லை. இதே கலவையை மூட்டுக்குள் இம்பிளான்ட்டை நிரந்தரமாக ஒட்டப் பயன்படுத்தக் கூடாது.

வான்கோமைசின் குப்பியின் வெளிப்புறம் ஸ்டெரைல் அல்ல. சர்குலேட்டிங் நர்ஸ் அலுமினிய வளையத்தையும் ரப்பர் மூடியையும் முழுசாகக் கழற்றிவிட்டு, விளிம்பு படாமல் ஸ்டெரைல் கிண்ணத்துக்குள் கவிழ்த்துத் தட்ட வேண்டும். உறைந்த கேக் மாதிரி கட்டியாக விழும். ஸ்பாச்சுலாவின் பின்புறத்தால் அதை நன்றாகப் பொடியுங்கள். கட்டி கட்டியாக விட்டால் ஒரு மணியில் மருந்து குவியும், இன்னொன்றில் இருக்காது.

அடுத்து சிமென்ட் தூள். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டாமல், மருந்தோடு அதே அளவு சிமென்ட் தூளைச் சேர்த்துக் கலந்து, அப்புறம் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மூட்டு மாற்றில் காற்றுக் குமிழியை நீக்க வேக்குவம் மிக்சர் பயன்படுத்துவார்கள். இங்கே அது வேண்டாம், கிண்ணமும் ஸ்பாச்சுலாவும் போதும். குமிழிகளும் நுண்துளைகளும் இருந்தால்தான் திசுநீர் உள்ளே புகுந்து மருந்தைக் கரைத்துக்கொண்டு வரும்.

இனி 20 மில்லி மோனோமர் ஆம்பூல், சிமென்ட் தூளோடு சேர்ந்து அதை இறுக வைக்கும் திரவம். மூக்கைத் துளைக்கும் நெடி. எளிதில் தீப்பிடிக்கும், அதனால் காட்டெரியை (மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் கருவி) தள்ளி வையுங்கள். கலப்பவர் சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் போட்டிருக்கக் கூடாது. இரண்டு கையுறை கட்டாயம், மோனோமர் மெல்லிய ரப்பரைக் கடந்து தோலுக்குப் போகும். ஊற்றியதும் நிதானமாகக் கலக்குங்கள். மருந்து அதிகமாகச் சேர்த்த கலவை சாதாரண சிமென்ட்டைவிட வறண்டு, உதிரியாக இருக்கும். பயப்பட வேண்டாம்.

முதலில் கூழாக இருக்கும், கையில் ஒட்டும். பொறுங்கள். சப்பாத்தி மாவு பதத்துக்கு வந்து கையுறையில் ஒட்டாமல் பிரியும்போது தொடங்குங்கள். இதிலிருந்து இறுகும் வரை உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஏ.சி. சரியாக வேலை செய்யாத தியேட்டரில் இன்னும் குறையும், ஏனென்றால் சூட்டில் சிமென்ட் வேகமாக இறுகும். அதனால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து உருட்டுவது நல்லது.

மணி சின்னதாக இருக்கட்டும், 5 முதல் 7 மில்லிமீட்டர். ஒரே அளவு சிமென்ட்டில் மணி சிறிதாகச் சிறிதாக மேல்பரப்பு கூடும், மருந்தும் அதிகம் வரும். அவசரத்தில் எல்லோரும் நெல்லிக்காய் அளவுக்கு உருட்டிவிடுவார்கள். அச்சு இருந்தால் பயன்படுத்துங்கள். கோப்பதற்கு மெல்லிய ஸ்டீல் கம்பியை இரண்டு இழையாக முறுக்கிக்கொண்டால் மணி வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். தடித்த நைலான் தையல் நூலும் ஆகும். மணிகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள், சங்கிலி வளைய வேண்டும். கம்பியின் இரு முனையையும் சுருட்டிவிடுங்கள், இல்லையென்றால் எடுக்கும் நாளில் யாராவது கையைக் குத்திக்கொள்வார்கள்.

முழுக்க ஆறிய பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும். ஒரு மணியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நடுவில் இருப்பது இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும். அப்புறம் எண்ணுங்கள். நீங்கள் ஒருமுறை, ஸ்க்ரப் நர்ஸ் ஒருமுறை. எண்ணிக்கை போர்டில் ஏற வேண்டும்.

மஜ்ஜைக் குழாய் முழுக்கச் சீழ் என்றால் மணிச் சங்கிலி சரிவராது. இரண்டு வாரம் போனாலே திசு வளர்ந்து அங்கிருந்து இழுக்க முடியாமல் போகும். அதற்குச் சிமென்ட் பூசிய கம்பி. மார்புக்குழாயை அச்சாக வைத்து, நடுவில் மெல்லிய கம்பியைச் செருகி, சுற்றிலும் சிமென்ட்டை நிரப்பி, இறுகியதும் குழாயை நீளவாக்கில் கீறி உரித்து எடுக்கும் முறையை பேலியும் ஹெர்சன்பெர்கும் 2002-ல் எழுதினார்கள். எலும்பே ஒரு துண்டு இல்லை என்றால் அந்த இடைவெளியில் முழுக் கட்டியாகச் சிமென்ட். ஆறு முதல் எட்டு வாரத்தில் அதைச் சுற்றி ரத்தக்குழாய் நிறைந்த சவ்வு ஒன்று உருவாகும். பிறகு சிமென்ட்டை மட்டும் எடுத்துவிட்டு அந்தச் சவ்வுப் பைக்குள் எலும்பு ஒட்டு வைப்பார்கள். பிரான்ஸின் மாஸ்கெலே கண்டறிந்த முறை. சிமென்ட்டை எடுக்கும்போது சவ்வைக் கிழிக்காமல் இருப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

கால்சியம் சல்பேட் என்றால் விதி மாறும். இங்கே ஜென்டாமைசின் திரவத்தைக் கலக்கலாம், 10 மில்லி கிட்டுக்கு வான்கோ 1 கிராமும் ஜென்டா 240 மில்லிகிராமும் என்பது பலர் பயன்படுத்தும் கலவை. ஆனால் திரவம் கூடினால் இறுகும் நேரம் நீளும். கிட்டோடு வரும் தாளில் எந்த மருந்துக்கு எவ்வளவு திரவம் என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துச் செய்யுங்கள். அச்சில் தடவிவிட்டுச் சும்மா இருப்பதுதான் கடினம். பாதி இறுகிய நிலையில் அச்சை வளைத்தால் எல்லாம் பொடியாகும்.

ஐந்தாம் படி: வைத்து மூடுவது

குழியை நிரப்புங்கள், திணிக்காதீர்கள். இறுக்கித் திணித்தால் தோல் மூடாது. தோல் மூடாத இடத்தில் மருந்து வெளியே ஓடிவிடும், குழிக்குள் அளவு ஏறாது. மூட முடியவில்லை என்றால் பிளாஸ்டிக் சர்ஜனைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. தசையோ தோலோ ஃபிளாப்பாக வரும் வரை, மணிகளின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தை ஒட்டிப் பைபோல மூடிவைப்பதும் உண்டு. திறந்த முறிவுகளில் இது நல்ல இடைக்கால வழி.

ட்ரெயின் (காயத்தில் சேரும் நீரை வெளியேற்றும் குழாய்) வைப்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சக்ஷன் ட்ரெயின், மணியிலிருந்து வரும் மருந்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். எங்கள் வழக்கம், வைக்காமல் சமாளிக்க முடிந்தால் வைப்பதில்லை. வைத்தால் சக்ஷன் இல்லாமல், சீக்கிரம் எடுத்துவிடுவோம்.

வார்டில் பார்க்க வேண்டியவை

கால்சியம் சல்பேட் வைத்தவர்களில் கணிசமானவர்களுக்குச் சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ தையல் வழியாக நீர் வடியும். சில சமயம் பால்போல வெள்ளையாக இருக்கும். இரவு டியூட்டியில் இருக்கும் புதியவர் "சீழ் திரும்பிடுச்சு" என்று சீஃபை எழுப்புவது வழக்கம். மணி கரையும் நீர்தான் அது, தானே நிற்கும். காய்ச்சல், சுற்றிலும் சிவப்பு, அதிகரிக்கும் வலி, நாற்றம், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஏறுவது, இவை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கட்டை மாற்றிக்கொண்டே காத்திருக்கலாம். அதிக அளவு வைத்தவர்களுக்கு அரிதாக ரத்தத்தில் கால்சியம் ஏறும். காரணமில்லாத வாந்தி, சோர்வு, குழப்பம் என்றால் கால்சியம் அனுப்புங்கள்.

கிட்னியை மறந்துவிடாதீர்கள். மருந்து ரத்தத்தில் குறைவாகத்தான் போகும் என்று சொன்னேன்; அது எல்லோருக்கும் உறுதியல்ல. பெரிய சிமென்ட் கட்டிகள் வைத்த முதியவர்களுக்கு கிட்னி பாதிப்பு வந்திருக்கிறது. அதோடு ரத்தத்திலும் வான்கோ ஏற்றிக்கொண்டிருந்தால் அபாயம் இன்னும் கூடும். அறுவைக்கு முன் ஒரு கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), பிறகு முதல் வாரத்தில் அடிக்கடி. வலிக்கு டைக்ளோஃபெனாக் எழுதுவதற்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

மணி வைத்தாயிற்று என்பதால் ஊசி மாத்திரை வேண்டாம் என்று ஆகாது. ஆனால் ஆறு வாரமும் ஊசிதான் என்ற பழைய விதி தளர்ந்துவிட்டது. பிரிட்டனில் 26 மையங்களில் 1054 பேரிடம் நடந்த ஓவிவா ஆய்வு 2019-ல் வெளியானது. முதல் ஆறு வாரம் ஊசி போட்டவர்களில் 14.6 சதவீதம் பேருக்கும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 13.2 சதவீதம் பேருக்கும் ஒரு வருடத்துக்குள் சிகிச்சை தோற்றது. அதாவது, கல்ச்சர் பார்த்துத் தேர்ந்தெடுத்த மாத்திரை ஊசிக்குச் சளைத்ததல்ல. ஊருக்குத் திரும்ப வேண்டிய கூலித் தொழிலாளிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆறாம் படி: எடுப்பது

சிமென்ட் மணிகளைப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரத்தில் எடுப்போம். காயம் ஆறி, சி.ஆர்.பி. இறங்கியிருக்க வேண்டும். தள்ளிப்போட்டால் மணிகளைச் சுற்றி நார்த்திசு இறுகிவிடும். சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்து வேகமாக இழுத்தால் கம்பி அறுந்து பாதி உள்ளேயே தங்கும். திசுவை விலக்கிக்கொண்டே ஒவ்வொன்றாக விடுவியுங்கள். வெளியே வந்ததை எண்ணி, வைத்த நாளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் தியேட்டரிலேயே சி-ஆர்ம் (நகரும் எக்ஸ்ரே கருவி) போட்டுப் பார்க்கலாம், சிமென்ட்டில் பேரியமோ சிர்கோனியமோ இருப்பதால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். அன்றைக்கும் மறுபடி கல்ச்சர் எடுக்க வேண்டும். குழி சுத்தமாக இருந்தால் எலும்பு ஒட்டு, சந்தேகமாக இருந்தால் மறுபடி சுரண்டிப் புது மணி.

இதில் அதிகம் சறுக்குவது தியேட்டரில் அல்ல, டிஸ்சார்ஜ் சம்மரியில். "பீட்ஸ் வைக்கப்பட்டது" என்று ஒரே வரி எழுதி அனுப்பிவிடுகிறோம். வலி இல்லை, சீழ் இல்லை, வேலைக்குப் போகலாம் என்றதும் நோயாளி வருவதை நிறுத்திவிடுவார். சில வருடம் கழித்து வேறொரு ஊரில், வேறொரு மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துக் குழம்புவார். எனவே எழுதுங்கள்: எந்தப் பொருள், எந்த மருந்து எத்தனை கிராம், எத்தனை மணி, எத்தனை சங்கிலி, கரையுமா கரையாதா, எடுக்க வேண்டிய தேதி. அந்தத் தேதியை மட்டும் தமிழில், பெரிய எழுத்தில், அட்டெண்டரின் போன் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு எழுதிக் கொடுங்கள்.